எடை இல்லாமல் போனால் உடம்புக்கு என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: சார், விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே கிடையாதா?

உண்டு. நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது. தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அங்கே இருப்பவர்களின் முகம் ஏன் உப்பியிருக்கிறது?

இங்கே காலுக்கு இறங்கும் ரத்தமும் நீரும் அங்கே தலைப்பக்கம் ஏறிவிடும். மூக்கு அடைக்கும், கால் மெலியும். சாப்பாடும் சப்பென்று இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். தலைப்பக்கம் நீர் கூடியதும் உடம்பு ரத்தத்தின் அளவையே குறைத்துக்கொள்கிறது. திரும்பி வந்து எழுந்து நின்றால் தலை சுற்றுவது அதனால்தான். அதற்காகவே தரையிறங்கும் முன் உப்புச் சேர்த்த நீர் குடிக்கிறார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். விண்வெளி வீரர்களுக்கும் அதுதான் வருகிறதா?

கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வேகம் பயங்கரம். எலும்பைச் சில செல்கள் அரித்துக்கொண்டே இருக்கும், வேறு சில செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். பாரம் ஏறினால்தான் கட்டும் வேலை ஒழுங்காக நடக்கும். பாரமே இல்லாதபோது இடுப்பு போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பு குறைகிறது. இங்கே வயதானவர்களுக்கு ஓராண்டில் ஆகிற இழப்பு அது! கரைந்த கால்சியம் சிறுநீரில் போவதால் சிறுநீரகக் கல் வரும் ஆபத்தும் உண்டு.

1970-இல் சோயுஸ் 9 கலத்தில் 18 நாள் இருந்துவிட்டு வந்த இரண்டு சோவியத் வீரர்களால் சரியாக நிற்கவே முடியவில்லை. அதற்குப் பிறகுதான் உடற்பயிற்சியை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது தினம் இரண்டு மணி நேரம் அதற்கே ஒதுக்குகிறார்கள். இரும்பு எடை அங்கே பயன்படாது, அதுவும் மிதக்குமே. அதனால் வெற்றிட உருளைகளை எதிர்த்து இழுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். டிரெட்மில்லில் ஓடும்போது தோளிலும் இடுப்பிலும் வார் மாட்டி உடம்பைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: சுனிதா வில்லியம்ஸை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்களே, நடக்கவே முடியாத நிலையா அண்ணா?

நீண்ட நாள் இருந்துவிட்டு வரும் யாரையும் அப்படித்தான் கொண்டுபோவார்கள். அதைப் பார்த்துக் கிளம்பிய வதந்திகள் எனக்கு வருத்தம் தந்தன. 2024 ஜூனில் போனவர் 2025 மார்ச்சில் திரும்பினார், 286 நாள். தசை சில வாரங்களில் தேறிவிடும், எலும்புதான் தாமதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்த சிலருக்கு ஓராண்டு கழிந்தும் கால் எலும்பு பழைய வலுவுக்கு வரவில்லை.

கேள்வி: உயரம் கூடுமாமே?

கூடும், சில சென்டிமீட்டர். முதுகெலும்பு நீள்வதால் முதுகுவலியும் வரும். திரும்பியதும் பழைய உயரம்தான்.

கேள்வி: இதில் உங்களுக்கு அதிகம் கவலை தருவது எது?

கண். எலும்புக்காவது உடற்பயிற்சி இருக்கிறது. மாதக்கணக்கில் தங்கும் சிலருக்கு விழியின் பின்பக்கம் தட்டையாகி, பார்வை நரம்பு வீங்கி, அருகில் இருப்பவை மங்கலாகத் தெரிகின்றன. தலைக்கு ஏறும் நீர்தான் காரணம் என்று சந்தேகிக்கிறார்கள், இன்னும் உறுதியாகவில்லை. இப்போதைக்குப் பவர் கூடிய கண்ணாடியைக் கையோடு கொடுத்தனுப்புகிறார்கள். செவ்வாய்க்குப் போக மட்டும் ஆறேழு மாதம் ஆகும், அதற்கு இது போதாது.