கழற்றிவைத்த சீருடை: பர்மாவின் நே வின் பற்றிக் கேட்டவர்களுக்கு

பர்மாவில் சில வருடம் வேலை பார்த்தவன், பழைய பண நோட்டு சேகரிப்பவன் என்பதால், 1962 முதல் 1988 வரை பர்மாவை ஆண்ட நே வின் பற்றிய கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இவர் ராணுவத் தளபதியா, அரசியல்வாதியா என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் சந்தேகம். கடைசிவரை தளபதிதான் என்பது என் கட்சி. காரணம் போகப் போகத் தெரியும்.

செல்வி, ஈப்போ: நே வின் என்பது அவருடைய சொந்தப் பெயரே இல்லையாமே?

இல்லை. பெற்றோர் வைத்த பெயர் ஷூ மாவுங். ப்யே நகருக்குப் பக்கத்தில் பவுங்டலே என்ற ஊர். பிறந்த வருடத்தை 1910 என்றும் 1911 என்றும் எழுதுகிறார்கள். ரங்கூனில் கல்லூரிக்குப் போய், தேர்வில் தோற்று, 1931இல் படிப்பை விட்டார். அப்புறம் தபால் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அந்தக் காலத்தில் பர்மியர்கள் வெள்ளைக்காரனைத்தான் 'தக்கின்' என்று கூப்பிட வேண்டும். எஜமான் என்று அர்த்தம். இளைஞர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, இது எங்கள் நாடு, நாங்கள்தான் எஜமான் என்று தங்கள் பெயருக்கு முன்னால் தக்கின் போட்டுக்கொண்டார்கள். நம் ஆளும் அதில் சேர்ந்து தக்கின் ஷூ மாவுங் ஆனார்.

1941இல் சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் தலைமையில் முப்பது பேர் திருட்டுத்தனமாக வெளியேறி, ஜப்பானியரிடம் ஹைனான் தீவில் போர்ப் பயிற்சி எடுத்தார்கள். வருடக் கடைசியில் பாங்காக்கில் கையைக் கீறி, ரத்தத்தை வெள்ளிக் கிண்ணத்தில் கலந்து குடித்துச் சபதம் செய்தார்கள். அப்போது ஆளுக்கொரு போர்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இவருக்கு 'போ நே வின்'. போ என்றால் படை அதிகாரி, நே வின் என்றால் ஒளிவீசும் சூரியன். இப்படிப் படைக்காக வைத்த பெயர்தான் கடைசிவரை நின்றது.

கண்ணன், திருச்சி: ஆங் சான் இருந்தபோது இவர் பெயர் பெரிதாக அடிபடவில்லையே. எப்படி மேலே வந்தார்?

மேலே இருந்தவர்கள் போய்விட்டார்கள். 1947 ஜூலை 19 அன்று ஆங் சானையும் அவர் அமைச்சர்களையும் கூட்டம் நடந்த அறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1948 ஜனவரி 4 சுதந்திரம். மூன்று மாதத்துக்குள் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் தூக்கினார்கள். அடுத்த ஜனவரியில் கரேன் என்ற சிறுபான்மை இனத்தார். ரங்கூனை ஒட்டியுள்ள இன்செயினில் சண்டை நடந்தது. அப்போதைய தலைமைத் தளபதி ஸ்மித் டன் ஒரு கரேன். தன் இனத்தாரை எதிர்த்துச் சண்டையிடும் படைக்கு அவரைத் தலைவராக வைத்திருக்க அரசுக்கு மனம் வரவில்லை. விடுப்பில் அனுப்பிவிட்டு, 1949 பிப்ரவரியில் அந்த நாற்காலியில் நே வினை உட்காரவைத்தார்கள். அடுத்த இருபத்து மூன்று வருடம் அவர் அதைவிட்டு எழுந்திருக்கவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: 1958இல் வாங்கிய ஆட்சியை 1960இல் திருப்பிக் கொடுத்தாரே, அது நல்ல குணம் இல்லையா?

கொடுத்தார், மறுக்கவில்லை. ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தபோது பிரதமர் ஊ நூவே அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். (வந்து பிடுங்குவதற்கு முன் நாமே கொடுத்துவிடுவோம் என்ற நிலைமை என்பவர்களும் உண்டு.) ராணுவம் ரங்கூன் தெருக்களைக் கூட்டியது, குடிசைவாசிகளை நகருக்கு வெளியே ஒக்கலாப்பா, தாகேட்டா பக்கம் குடியேற்றியது, 1960இல் தேர்தல் நடத்தியது. ஊ நூ அமோகமாக ஜெயித்தார். மக்களுக்குச் சுத்தமான தெருவைவிட ஊ நூவைத்தான் பிடித்திருந்தது.

அந்தப் பதினெட்டு மாதத்தில் அதிகாரிகளுக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது, அரசியல்வாதியைவிட நாமே நன்றாக நடத்துகிறோம் என்று. 1962 மார்ச் 2 விடிவதற்குள் ஊ நூவும் அமைச்சர்களும் காவலில். ரத்தம் சிந்தாத புரட்சி என்பார்கள், ஆனால் ஒரு சாவு உண்டு. முதல் ஜனாதிபதி சாவ் ஷ்வே தைக் வீட்டுக்குள் படை நுழைந்தபோது அவருடைய மகன், பதினேழு வயதுப் பையன், சுடப்பட்டான். தகப்பனார் அந்த நவம்பரில் காவலிலேயே இறந்தார். ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. மறுநாள் காலையில் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

மெய்யப்பன், காரைக்குடி: எங்க ஐயாவோட பர்மா நிலமெல்லாம் இவராலதான் போச்சுன்னு வீட்ல சொல்வாங்க.

செட்டிநாட்டு வீடுகளில் பல பேர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதிதான் சரி. 1930களின் மந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியாமல், கீழ்பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்கள் ஏராளம். நிலத்தை அரசுடைமை ஆக்கும் சட்டம் வந்தது 1948இல், ஊ நூ காலத்தில். நே வினுக்கு அதில் பங்கு இல்லை. உங்கள் ஐயா இழந்தது வயல் என்றால் கணக்கு ஊ நூவோடு. கடையோ வங்கிப் பணமோ என்றால் நே வினோடு. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் தேதியைப் பாருங்கள்.

ஃபாத்திமா, கீழக்கரை: 1964இல் இந்தியர்களை விரட்டியடித்தார் என்கிறார்கள். அப்படி உத்தரவு போட்டாரா?

வெளியேறு என்று உத்தரவு இல்லை. பிழைக்கும் வழியைத்தான் அடைத்தார். 1963 பிப்ரவரியில் எல்லா வங்கிகளும் அரசிடம் போயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள். ராணுவத்தார் வந்து சரக்கைக் கணக்கெடுத்து, கடைவாசலில் 'மக்கள் கடை' என்று நம்பர் போட்ட பலகையை மாட்டினார்கள். கடைக்காரர் அதே கல்லாவுக்கு முன்னால் வாடிக்கையாளர்போல நின்றார். சீனர் கடைக்கும் பர்மியர் கடைக்கும் இதே கதிதான், ஆனால் ரங்கூன் கடைத்தெருவில் நம்மவர்கள் அதிகம். மே மாதம் 17ஆம் தேதி 50, 100 ச்சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடை போனபின் கையிருப்பை வைத்துக் காலம் தள்ளலாம் என்றிருந்தவர்களுக்கு அதுவும் போனது.

இதற்குப் பிறகுதான் கப்பல். அடுத்த சில வருடங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்களில் பலருக்குத் தமிழ்நாடு அப்பா சொல்லிக் கேட்ட ஊர்தான். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜாரும், சாயங்காலம் அந்தப் பக்கம் கிடைக்கும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்தவை. மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் விட்டுத் தருவார்களே, அது. பர்மியச் சொல்லே தமிழ்ப் பலகையில் ஏறிவிட்டது.

ராஜா, சிங்கப்பூர்: நே வினுக்கு 9ஆம் எண் பைத்தியம் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

என் மேசையில் ஒரு 45 ச்சாட் நோட்டு இருக்கிறது. எண்ணெய் வயல் தொழிலாளர் தலைவர் போ ஹ்லா ஜீயின் படம் போட்டது. இதன் ஜோடி 90 ச்சாட் நோட்டில் விவசாயக் கிளர்ச்சி நடத்திய சாயா சானின் படம். நாலும் அஞ்சும் ஒன்பது, 90உம் ஒன்பது. ஒரு நாடு இப்படி நோட்டு அடித்தது கட்டுக்கதை இல்லை. கடைக்காரர் 45இலும் 90இலும் மீதி எண்ணிக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஜோசியத்தைப் பேசிப் பேசி முக்கியமான விஷயத்தை விட்டுவிடுகிறோம். 1985இல் ஒருமுறை நோட்டுகளைச் செல்லாததாக்கி, 75 ச்சாட் நோட்டைக் கொண்டுவந்தார்கள், அவருடைய 75ஆம் வயதை ஒட்டி. 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. அந்த 75ஐயும் 25, 35ஐயும் சேர்த்து ரத்து. இந்த முறை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் காகிதம். ரங்கூன் மாணவர்கள் அன்றைக்கே தெருவுக்கு வந்தார்கள். அதே டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது, ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாட்டை.

அருண், கோவை: சாலையில் இடது பக்கத்தை வலதாக்கியதும் ஜோசியர் சொல்லித்தானா?

அப்படித்தான் ஊரில் பேச்சு. 1970இல் மாற்றினார்கள். வண்டிகளை யாரும் மாற்றவில்லை. நான் இருந்தபோதுகூட பஸ்ஸில் இறங்கினால் நடுரோட்டில்தான் கால் வைக்க வேண்டும், படி அந்தப் பக்கம்.

விஜயா, மதுரை: ராணுவத்தில் இருந்து விலகித்தானே ஜனாதிபதி ஆனார்? அப்புறம் ஏன் ராணுவ ஆட்சி என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா. 1972 ஏப்ரல் 20 அன்று அவரும் 20 மூத்த அதிகாரிகளும் சீருடையைக் கழற்றினார்கள். அதற்குமுன் ஜெனரல் நே வின், அதன்பின் ஊ நே வின். 'ஊ' என்பது நம் 'திரு' மாதிரி. 1974 மார்ச் 2 அன்று, ஆட்சியைப் பிடித்த அதே தேதியில், 1962 முதல் நாட்டை ஆண்ட ராணுவ அதிகாரிகளின் புரட்சிக் கவுன்சில் அதிகாரத்தை மக்கள் சபைக்குக் கொடுத்தது. கொடுத்த கை நே வினுடையது, வாங்கிய கையும் அவருடையது. நாட்டில் ஒரே கட்சி, அவர் 1962இல் தொடங்கிய பர்மா சோஷலிசத் திட்டக் கட்சி. அதன் தலைவர் பதவியை ஜனாதிபதி பதவியைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தார். 1981இல் ஜனாதிபதி நாற்காலியை சான் யூவுக்குக் கொடுத்தார். அவரும் முன்னாள் தளபதி. கட்சித் தலைமையை விடவில்லை.

1988 ஜூலை 23 அன்று கட்சி மாநாட்டில் விலகல் அறிவித்தபோது, பல கட்சி ஆட்சி வேண்டுமா என்று மக்களிடமே கேட்கலாம் என்றார். நல்ல அரசியல்வாதி பேச்சு. அதே உரையில், ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் 8ஆம் தேதி கூட்டம் திரண்டபோது ராணுவம் அப்படியே செய்தது. கடைசிவரை தளபதிதான் என்று மேலே சொன்னேனே, அதற்கு இந்த உரை போதும்.

இம்ரான், கொழும்பு: கடைசிக் காலம் எப்படி?

இன்யா ஏரிக்கரை வீட்டிலேயே இருந்தார். ஏரிக்கு எதிர்க்கரையில் ஆங் சானின் மகள் சூச்சி வீட்டுக்காவலில். 2002 மார்ச்சில் நே வினின் மருமகனும் பேரன்கள் மூவரும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைதாகி, மரண தண்டனை பெற்றார்கள். நிறைவேற்றவில்லை. இவருக்கும் வீட்டுக்காவல். காவல் வைத்தவர்கள் எல்லாம் இவர் வளர்த்த படையின் அதிகாரிகள்தான். அந்த டிசம்பர் 5ஆம் தேதி இறந்தார். அரசு மரியாதை கிடையாது. அன்றைக்கே எரித்துவிட்டார்கள்.