வேலையை விட்டுவிட்டு இசையமைக்க வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் ஆறு வருடமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். இரவில் வீட்டில் உட்கார்ந்து மெட்டுப் போடுவேன். இரண்டு குறும்படங்களுக்கு இசையமைத்திருக்கிறேன். வேலையை உதறினால்தான் உருப்பட முடியும் என்கிறார்கள் நண்பர்கள். விடலாமா?

பதில்: இப்போது விடாதீர்கள். உங்கள் தொழிலிலேயே இருந்துகொண்டு இசையமைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்கரான சார்லஸ் ஐவ்ஸ், 1874-ல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் பிறந்தவர். அப்பா பேண்டு மாஸ்டர். யேல் பல்கலைக்கழகத்தில் இசை கற்று 1898-ல் பட்டம் வாங்கியவர், நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்த சம்பள வேலையையும் 1902-ல் விட்டார். அப்புறம் ஜூலியன் மைரிக் என்பவரோடு சேர்ந்து நடத்திய காப்பீட்டு ஏஜென்சி மிகப் பெரிதாக வளர்ந்தது.

இசையை எழுதியதெல்லாம் மாலையிலும் விடுமுறை நாளிலும்தான். சோற்றுக்கு இசையை நம்பாததால், இரண்டு பேண்டுகள் வெவ்வேறு பாட்டை வாசித்தபடி எதிரெதிரே வருவதுபோன்ற இசையைக்கூட அவரால் துணிந்து எழுத முடிந்தது. அன்றைக்கு அதைக் காசு கொடுத்துக் கேட்க ஆள் கிடைத்திருக்காது.

ஆனால் அவர் இழந்ததும் நிறைய. எழுதியதில் பெரும்பகுதி வருடக்கணக்கில் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. 1922-ல் 114 பாடல்களைச் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக அனுப்பிவைத்தார். 1910-களுக்குள் எழுதி முடித்த மூன்றாம் சிம்பொனி 1946-ல்தான் மேடையேறியது. மறுவருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 72. எனக்கு மனம் கனப்பது இன்னொரு இடத்தில். 1918-ல் உடல்நலம் உடைந்தது. 1920-களின் பிற்பகுதியில் புதிதாக எழுதுவதே நின்றுபோனது. 1930-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நேரம் இருந்தது, இசை வரவில்லை.

அதனால் வேலையில் இருங்கள், ஆனால் மெட்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் பூட்டிவைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நாலு வாத்தியக்காரர்களைக் கூட்டி, பத்துப் பேர் முன்னால் வாசிக்கவைத்துக் கேளுங்கள். கணினியில் இனிமையாக ஒலிப்பது வயலின்காரர் கையில் எப்படி மாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். இரவு களைப்பாக இருந்தால் விடியற்காலைக்கு மாறுங்கள். பணிநியமனக் கடிதத்தில் வெளிவேலை பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஒரு வருட வீட்டுச் செலவு வங்கியில் இருந்து, இசை வருமானம் தொடர்ந்து இரண்டு வருடம் சம்பளத்தில் பாதியைத் தொட்டால் அப்போது விடலாம். இது சட்டமல்ல, என் அனுபவக் கணக்கு.

உரிமை விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, படத்துக்குப் போட்ட இசை திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது ராயல்டியில் (பயன்பாட்டுக்குத் தரும் உரிமைத்தொகையில்) உங்களுக்குச் சம பங்கு உண்டு; அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ராயல்டி வசூலுக்கு, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்கான ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) சங்கத்தில் உறுப்பினராகச் சேரலாம். அந்த இரண்டு குறும்படங்களுக்கும் ஒப்பந்தம் போட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே இயக்குநர்களிடம் பேசி, ஒரு பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள்.