யூடியூப் பளிச்சென்று வருகிறது, ஓடிடி மட்டும் ஏன் மங்கல்?

கேள்வி: ஓசூரில் 'ஃபோர் கே' என்று சொல்லி விற்ற ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்றை வாங்கினேன். யூடியூப் பளிச்சென்று தெரிகிறது. நெட்ஃபிளிக்ஸ் மட்டும் மங்கல். ஃபைபர் இணைப்பு 50 எம்பிபிஎஸ். கோளாறு நெட்டிலா, பாக்ஸிலா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: நெட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஃபோர் கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். தடை உங்கள் பாக்ஸுக்குள் இருக்கிறது.

ஓடிடி படங்கள் பூட்டுப் போட்டுத்தான் வருகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு பாக்ஸ்தான் சாவி போட்டுத் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர். நாம் பார்க்கும் சாதனங்களில் பெரும்பாலும் எல்1 அல்லது எல்3 நிலை இருக்கும். எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் சுருக்கி அனுப்பிய படத்தை விரிப்பதும் சிப்புக்குள்ளேயே தனியாக ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் நடக்கும். வேறு ஆப் எதுவும் அங்கே எட்டிப் பார்க்க முடியாது. எல்3-இல் எல்லாமே சாதாரண மென்பொருளில் நடப்பதால் நகல் எடுப்பது எளிது. படத்தின் உரிமையாளர்கள் அதற்கு நல்ல தரத்தைத் தர ஒப்புவதில்லை. நெட்ஃபிளிக்ஸில் எல்3 சாதனத்துக்கு 480பி என்ற சாதாரணத் தெளிவுக்கு மேல் வராது. யூடியூப்பின் சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டே கிடையாது என்பதால்தான் அங்கே தெளிவு.

பிளே ஸ்டோரில் 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற இலவச ஆப்பைப் போட்டு, வைட்வைன் பகுதியில் 'செக்யூரிட்டி லெவல்' வரியைப் பாருங்கள். எல்3 என்று இருந்தால் விஷயம் அதோடு முடிந்தது. எல்1 சாவி பொதுவாகத் தொழிற்சாலையில் பதிப்பது. "சாஃப்ட்வேர் ஏற்றி எல்1 ஆக்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். ரூட் செய்யப்போய், அதாவது சாதனத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுக்கப் பூட்டை உடைக்கப்போய், எல்1-இல் இருந்த சாதனமே எல்3-க்கு இறங்கிய கதையும் உண்டு. எல்1 இருந்தும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாக வந்தால், பெரும்பாலும் அந்த மாடலுக்கு நெட்ஃபிளிக்ஸின் தனி அனுமதி இல்லை என்று பொருள். முகப்பே செல்போன் திரை மாதிரி இருக்கும் பாக்ஸ்களில் இந்தச் சிக்கல் அதிகம். ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி முகப்புள்ளதை, கடையிலேயே ஓடிடி படம் ஒன்றை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பழைய மானிட்டரில் எச்டிஎம்ஐ - விஜிஏ கன்வெர்ட்டர் போட்டு ஓடிடி பார்க்கும் ஸ்டிக்கை இணைத்தேன். மெனு தெரிகிறது, படம் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பு.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஸ்டிக்கும் டிவியும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் முறைக்கு எச்டிசிபி என்று பெயர். விஜிஏ பழைய அனலாக் வகை, அதில் இதற்கு வழியே இல்லை. அதனால் பூட்டுப் போட்ட படத்தை ஸ்டிக் திரைக்கு அனுப்புவதில்லை. மெனுவுக்குப் பூட்டு இல்லாததால் அது தெரிகிறது. கன்வெர்ட்டரைக் கழற்றி, எச்டிஎம்ஐ உள்ள திரையில் நேராகச் செருகுங்கள். ஃபோர் கே வேண்டுமென்றால் டிவியின் அந்த போர்ட் எச்டிசிபி 2.2 ஏற்க வேண்டும். சில டிவிகளில் ஒரு போர்ட் மட்டும் ஏற்கும். மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். நடுவே ஒரு இணைப்பைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் எந்த ஆப்பும் திறப்பதில்லை.
- வாசகர், பென்னாகரம்

பதில்: முதலில் பாக்ஸின் தேதியைப் பாருங்கள். மலிவான பாக்ஸ்கள் பலவற்றில் கடிகார பேட்டரி இருக்காது. மின்சாரம் போனதும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழில் உள்ள காலத்தோடு அது பொருந்தாததால் இணைப்பு மறுக்கப்படும். செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் 'நெட்வொர்க் நேரம்' என்று வையுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா. கரண்ட் வந்தவுடன் ரவுட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிடம் விட்டு, பிறகு பாக்ஸைப் போடுங்கள்.