ஆன்மா இருந்தால்தான் ஆழமா?

கேள்வி: ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணைப் பற்றிய 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொலைக்காட்சித் தொடரில், அவளைக் காதலிக்கும் இரண்டு காட்டேரிகளில் ஏஞ்சல்தான் ஆழமான பாத்திரம், ஸ்பைக் வெறும் வாய்ச்சவடால் என்கிறேன். என் தோழி நேர்மாறாகச் சொல்கிறாள். ஆன்மாவே இல்லாத ரத்தக்காட்டேரிக்கு உணர்ச்சியில் என்ன ஆழம் இருந்துவிடும்?

பதில்: என் ஓட்டு தோழிக்கே. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருட்டில் நிற்பவனெல்லாம் ஆழமானவன் என்று நினைத்துவிட்டீர்கள். ஏஞ்சலின் குற்றவுணர்வு பொய்யில்லை. ஆனால் அவனாகத் தேடிப் போய்ப் பெற்றதா அது? தங்கள் பெண்ணைக் கொன்றதற்காக 1898இல் ரோமா நாடோடிக் குலத்தார் அவனுக்கு ஆன்மாவைத் திருப்பித் தந்து, சாபமாக அவன் தலையில் கட்டியது. ஒரு கணம் முழு மகிழ்ச்சி கண்டால் சாபம் முறியும். கண்டான், ஆன்மா பறந்தது. அடுத்த சந்திப்பிலேயே பஃபியை எள்ளி நகையாடுகிறான். நல்லதெல்லாம் ஏஞ்சல் கணக்கில், கெட்டதெல்லாம் ஏஞ்சலஸ் (ஆன்மா இல்லாதபோது அவன் பெயர்) கணக்கில். பார்ப்பவருக்கு வசதிதான்!

ஸ்பைக்குக்கு அந்த வசதி கிடையாது. காட்டேரியாவதற்கு முன் கவிதை எழுதிக் கேலிக்கு ஆளான வில்லியம் அவன். அந்த அவமானம் கடைசிவரை கூடவே வருகிறது. 5ஆம் சீசனில் ஒரு காட்சி. பஃபி மட்டம் தட்டிவிட்டாள் என்று கொதித்துப்போய், அவளைச் சுட்டுத்தள்ளத் துப்பாக்கியோடு வருகிறான். அவளோ அம்மாவின் உடல்நிலையை நினைத்து வீட்டின் பின்பக்கப் படியில் அழுதுகொண்டிருக்கிறாள். என்ன ஆயிற்று என்கிறான். அவள் பேச விரும்பவில்லை. நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படித் தொடுவதென்றே தெரியாமல் முதுகில் தட்டிக்கொடுக்கிறான். அப்போது அவனுக்கு ஆன்மா இல்லை. தலைக்குள் வைத்த சிப் மனிதரைத் தாக்கவிடாமல் தடுக்குமே தவிர, ஆறுதல் சொல்ல வைக்காது.

அப்புறம், அதே சீசனில் பஃபியின் தங்கையைக் காட்டிக்கொடுக்காமல், அவளைத் தேடும் வில்லி க்ளோரியிடம் சித்திரவதைப்பட்டவனும் இவன்தான். ஆன்மாவைக்கூட ஆப்பிரிக்கா வரை போய், சோதனைகளைத் தாங்கி, கேட்டு வாங்கினான்.

சரி, ஏஞ்சலுக்கும் நியாயம் செய்வோம். 1999இல் தொடங்கிய அவனுடைய தனித் தொடரில், மனிதனாக வாழக் கிடைத்த ஒரு நாளை பஃபிக்காகத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை, அவனுக்கு மட்டும் இருக்கிறது. அந்த அத்தியாயத்துக்காகவே கூடுதல் மதிப்பெண் போடலாம். ஆனால் நீங்கள் கேட்டது பஃபி தொடரைப் பற்றி.

இன்னொன்று. ஆழமானவன் என்பதால் ஸ்பைக் நல்லவன் ஆகிவிட மாட்டான். 6ஆம் சீசனில் குளியலறையில் பஃபியைப் பலவந்தப்படுத்த முயன்றதைக் 'காதல் மிகுதி' என்று உங்கள் தோழி சப்பைக்கட்டு கட்டினால், அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்.