மறு: ஷிப்மென்ட் வாரத்தில் கத்திவிடுகிறேன், ஆட்கள் எதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

வணக்கம் நண்பரே. எல்லார் முன்னாலும் கட்டிங் மாஸ்டர் மேல் எரிந்து விழுந்தீர்கள், அதற்கப்புறம் துணியில் ஓட்டை இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யோகாவுக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் சனிக்கிழமை கண்டெய்னர் ஏற வேண்டுமே!

நெருக்கடியில் உடம்பில் இரண்டு ஹார்மோன்கள் ஏறும். அட்ரினலின் உடனே ஏறும். கார்டிசால் மெதுவாக, 20-30 நிமிடத்தில் உச்சம் தொடும்; இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை நிதானமாக யோசிக்கிற முன்மூளையின் பிடி தளர்ந்திருக்கும். ஆகவே சரக்கை வாங்கும் பையர் போனில் திட்டிய கையோடு, ஆட்கள் வேலை செய்யும் ஃப்ளோருக்குள் போகாதீர்கள். ஒரு டீ, ஒரு நடை. நானும் பட்டுத்தான் கற்றேன்.

நீங்கள் கேட்ட ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஸ்ப்ரே வேண்டாம். அது அடுத்தவர் மேலுள்ள நம்பிக்கையைக் கூட்டுகிறது என்று 2005இல் சூரிச் ஆய்வு ஒன்று சொன்னது உண்மைதான். 2020இல் அதையே கூடுதல் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை.

எல்லார் முன்னாலும் கத்தினீர்கள், வருத்தத்தையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அடுத்த முறை ஒருவர் ஓட்டையைக் காட்டினால் "யார் செஞ்சது?" வேண்டாம். "எத்தனை பீஸ்?" என்று மட்டும் கேளுங்கள்.