பத்துக் கிழமை, பத்துத் தலைப்பு – ஆங்கிலம் மட்டும் அங்கேயே நிற்கிறதே?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 26. திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு விருந்தினரோடு ஆங்கிலத்தில் கதைக்க எனக்குப் பயமில்லை. சுற்றுலா முகாமைத்துவத்தில் முதுமாணி செய்ய ஆசை. அதற்கு ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில் 7 எடுக்க வேண்டும். சீசன் முடிந்ததும் டவுனில் ஒரு உயர்நிலை ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். பி2 தரம் என்று சோதித்துத்தான் எடுத்தார்கள். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம். பத்துக் கிழமைக்குப் பத்துத் தலைப்பு: சுற்றுச்சூழல், குற்றம், ஊடகம், சுகாதாரம் என்று போகிறது. ஒவ்வொரு கிழமையும் நாற்பது சொல் கொண்ட பட்டியல் ஒன்றும் ஒப்படை ஒன்றும் தருகிறார்கள். இப்போது ஐந்தாம் கிழமை. முதல் கிழமைச் சொற்கள் ஏற்கெனவே மறந்துவிட்டன. ஒப்படையில் சேர் 'குட்' என்று எழுதித் தருகிறார். ஆனால் நான் கதைப்பதும் எழுதுவதும் முன்பு போலவே இருக்கிறது. இதை விட்டுவிட்டு இலக்கண வகுப்புக்குப் போகட்டுமா? இல்லாவிட்டால் கொழும்புக்கே போய்ப் படிக்கட்டுமா?
– பெயர் வேண்டாம், உப்புவெளி.

பதில்: அன்புத் தங்கச்சி,

வகுப்பை விட வேண்டாம். தலைப்பு வாரியாகப் படிப்பது உங்கள் தரத்துக்கு நல்ல முறை. மாற வேண்டியது ஒன்றுதான்: ஒரு தலைப்புக்குள் நீங்கள் எவ்வளவு நேரம் தங்குகிறீர்கள் என்பது. ஒன்றில் கால் வைத்ததும் அடுத்ததுக்கு ஓடுகிறீர்கள். உயர்நிலை ஆங்கிலம் அப்படி ஓடுகிறவருக்குக் கிடைக்காது.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம், உங்கள் மனம் கொஞ்சம் ஆறும். ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட மொழித்தர அளவில் ஏ1 தொடக்கம் சி2 வரை ஆறு படிகள் உண்டு. நீங்கள் நிற்கும் பி2 நாலாம் படி, சி1 ஐந்தாம் படி. ஐயெல்ட்ஸ் 7 என்பது சி1 தொடங்கும் இடம். ஆசிரியரின் வழிகாட்டலோடு படிக்க வேண்டிய நேரம் பி2 தரத்துக்கு 500 தொடக்கம் 600 மணித்தியாலம், சி1 தரத்துக்கு 700 தொடக்கம் 800 மணித்தியாலம் என்று கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர் மதிப்பிடுகிறார்கள். இடைவெளி சுமார் 200 மணித்தியாலம். உங்கள் வகுப்பு முழுவதையும் கூட்டினாலே 40தான் வருகிறது, அதிலும் நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள். இருபது மணித்தியாலத்தில் மாற்றம் தெரியவில்லை என்பதற்காக உங்களையே குறை சொல்ல வேண்டாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மிச்ச 160 மணித்தியாலம் வகுப்புக்கு வெளியேதான் வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரிசெப்ஷனில் நிற்கிறவருக்கு வரும் சரளம் உண்மையான சரளம்தான், ஆனால் அது ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றுவது. செக்-இன், பாஸ்போர்ட், வைஃபை, பவளப்பாறை பார்க்கப் புறாத்தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு, விமான நிலையத்துக்கு வான் எவ்வளவு. இவற்றை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. ஒரு விருந்தினர் திரும்பி வந்து, "அங்கே பவளம் இவ்வளவு உடைந்து கிடக்கிறதே, ஏன்? உள்ளூர் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? "வெரி சேட், சேர்" என்று சொல்லிச் சிரித்தால் அந்த இடத்தில் பி2 நின்றுவிட்டது என்று அர்த்தம். காரணங்களைப் பிரித்து, எது பெரிது எது சிறிது என்று சொல்லி, உங்கள் அபிப்பிராயத்தை அளவோடு வைத்தால் அது சி1. ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் கேட்பதும் இந்த மாதிரிக் கேள்விகளைத்தான்.

சரி, அந்த நாற்பது சொல் பட்டியலுக்கு வருவோம். மறந்துபோனதில் வியப்பில்லை, அது மறக்கும்படிதான் அமைந்திருக்கிறது. குற்றம் என்ற கிழமையில் தெஃப்ட், ரொபரி, பர்க்ளரி, ஃப்ரோட் என்று வரிசையாகத் தந்திருப்பார்கள். ஒரே இனத்துச் சொற்களை ஒன்றாகப் பாடமாக்கினால் அவை ஒன்றோடொன்று குழம்பும். டிங்கம் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 1997இல் எழுதியிருக்கிறார். ஒரே வகைச் சொற்களின் கூட்டம் கற்பதற்குக் கடினமாக இருந்தது, ஒரே சம்பவத்துக்குள் வரும் சொற்களின் கூட்டம் இலகுவாக இருந்தது. அதாவது களவின் வகைகளை ஒப்புவிப்பதை விட, ஒரு களவு நடந்த கதையைப் படிப்பது நல்லது. யன்னல், நாய், பொலிஸ் முறைப்பாடு, சந்தேக நபர், பிணை எல்லாம் அந்தக் கதையில் தத்தம் இடத்தில் நிற்கும், ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றதும் வரும். ஆகவே பட்டியலைப் பாடமாக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தச் சொற்கள் வருகிற இரண்டு, மூன்று கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். நாற்பதில் பதினைந்து ஒட்டினால் போதும்.

எந்தக் கட்டுரை என்று கேட்பீர்கள். உலகம் முழுக்கத் தேட வேண்டாம், உங்கள் ஊரில் இருக்கிறது. ஊடகம் என்ற தலைப்புக்குச் சீனக்குடா எண்ணெய்த் தொட்டிகளை எடுங்கள். பிரித்தானியர் கட்டிய 99 தொட்டிகள். 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்ச 61 இரண்டு பேரும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். இந்த ஒரே செய்தியைக் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் இந்திய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் வணிகப் பக்கம் ஒன்றிலும் தேடி எடுங்கள். முதல் கட்டுரைக்கு அகராதி வேண்டும். இரண்டாவதில் லீஸ், ஸ்டேக், ஜொயிண்ட் வெஞ்சர் எல்லாம் திரும்ப வரும். மூன்றாவதில் அகராதியை மூடிவிடுவீர்கள். ஒரே விஷயத்தைப் பற்றிப் பலர் எழுதியதைப் படிப்பதன் பலன் இதுதான். ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர் இந்த வழியைப் பல காலமாக வலியுறுத்தி வருகிறார்.

ஆனால் சொற்களோடு நின்றுவிடாதீர்கள். மூன்று கட்டுரையையும் மேசையில் பரப்பி வைத்து, எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தேடுங்கள். ஒருவர் அந்த ஒப்பந்தத்தை 'லோங் ஓவர்டியூ' என்று எழுதினால், இது எப்போதோ நடந்திருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். இன்னொருவர் 'கன்ட்ரோவர்ஷியல்' என்று தொடங்கினால் அவருக்குச் சந்தேகம் இருக்கிறது. இருவருமே தங்கள் கருத்தை நேராகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளிப்படையாகச் சொல்லாத பொருளையும் கண்டுபிடிப்பது சி1 தரத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கும் திறமை. எங்கள் ஊர்ப் பிரச்சினை என்பதால் உங்களுக்குக் கோபமோ விருப்பமோ ஏதாவது இருக்கும். அது இருந்தால்தான் எழுதவும் ஏதாவது இருக்கும். கலிபோர்னியாக் காட்டுத்தீயைப் பற்றி 250 சொல் எழுதச் சொன்னால் யாருக்கும் கை ஓடாது.

இப்போது எழுத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் 'குட்' பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. சுற்றுச்சூழல் ஒப்படையில் நீங்கள் புறாத்தீவைப் பற்றி எழுதியிருந்தால் ஒரு வசனம் இப்படி இருந்திருக்கும்: "டூரிஸ்ட்ஸ் ஆர் டிஸ்ட்ரோயிங் த கோரல்." இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. சேர் 'குட்' போடுவார். ஆனால் அந்த வசனத்தை நீங்களே குறுக்கு விசாரணை செய்து பாருங்கள். வருகிற எல்லோருமா அழிக்கிறார்கள்? ஆழமில்லாத இடத்தில் பவளத்தின்மேல் ஏறி நிற்கிறவர்களால் அது உடைகிறது. வெளிறிப்போவது வேறு விஷயம். கடல் சூடேறினால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறுகிறது, நிறமும் உணவும் அதோடு போய்விடுகின்றன. ஆகவே இரண்டு சேதம், இரண்டு காரணம். அதை எழுத உங்களுக்கு என்ன வேண்டும்? உடைவுக்கு 'அக்கவுண்ட்ஸ் ஃபோர்' என்ற தொடர் வேண்டும், வெளிறலுக்கு 'லார்ஜ்லி டியூ டு' வேண்டும், இரண்டையும் எதிரெதிரே வைக்க 'வேர்அஸ்' வேண்டும், உறுதியில்லாத இடத்தில் 'இஸ் லைக்லி டு' வேண்டும். இந்த நாலில் ஒன்றுகூடப் பவளத்துக்கு மட்டும் சொந்தமானது கிடையாது. சுகாதாரக் கிழமையில் டெங்குவைப் பற்றி எழுதும்போதும் அதே நாலும் வேலை செய்யும், எண்ணெய்த் தொட்டிக்கும் செய்யும்.

தலைப்பு மாறினாலும் கூடவே வருகிறவை இவைதான். நியூசிலாந்தில் எவரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000ஆம் ஆண்டில் கல்வி எழுத்துக்கான சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் நான்கிலும் பொதுவாக அடிக்கடி வருகிற 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரில் பிறந்த சொற்களின் தொகுதிகள், அதில் உண்டு. கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. முதுமாணி செய்யப் போகிறவர் மனதில் பதிக்க வேண்டியது இது. கடல் உயிரினங்களின் பெயரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு புதுக் கொப்பி வாங்குங்கள். அதில் சுற்றுச்சூழல், குற்றம் என்று பிரிக்க வேண்டாம். காரணம் சொல்ல ஒரு பக்கம், ஒப்பிட ஒரு பக்கம், சந்தேகத்தோடு சொல்ல ஒரு பக்கம், பாதி ஒத்துக்கொண்டு பாதி மறுக்க ஒரு பக்கம். ஒவ்வொரு தொடரையும் நீங்கள் படித்த முழு வசனத்தோடு எழுதுங்கள்.

பேச்சுக்கு ஒரு பயிற்சி உண்டு, ஆள் இருந்தால் போதும். எடுத்த விஷயத்தை ஒருவருக்கு நாலு நிமிடம் சொல்லுங்கள். அதையே இன்னொருவருக்கு மூன்று நிமிடத்தில், பிறகு மூன்றாவது ஆளுக்கு இரண்டு நிமிடத்தில். சொல்லும் விஷயத்தைக் குறைக்கக் கூடாது, தடுமாற்றம்தான் குறைய வேண்டும். ஹோட்டலில் கூட வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவர் இருக்கிறார். ஒருவரும் கிடைக்காவிட்டால் போனில் பதிந்து கேளுங்கள். இதைச் சுற்றுலாப் பயணிகளிடம் செய்துபார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. விடுமுறைக்கு வந்தவர் உங்கள் தவறைத் திருத்த மாட்டார், நீங்கள் சொன்னது புரிந்ததும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இலக்கண வகுப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. உங்கள் தரத்தில் எஞ்சியிருக்கும் பிழைகள் சில வகைதான். தமிழ் பேசுகிற எங்களுக்குப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ'யும் 'த'வும் கடைசி வரை தொல்லை தரும், 'இன்', 'ஒன்' போன்ற முன்னிடைச் சொற்களும் தரும். திருத்தி வந்த ஒப்படைகளை எடுத்து உங்கள் பிழைகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கம்தான் உங்களுக்கான இலக்கணப் புத்தகம். கொழும்புக்குப் போனால் வாடகையும் சாப்பாடும் சம்பளத்தைத் தின்னும், வேலையும் போகும், அங்கேயும் இதே தலைப்புகளைத்தான் தருவார்கள்.

மிச்சம் ஐந்து கிழமையில் ஐந்து தலைப்பையும் சரிசமமாகப் படிக்க முயல வேண்டாம். இரண்டைத் தெரிவுசெய்து அவற்றில் தங்குங்கள். மற்ற மூன்றுக்கும் வகுப்புக்குப் போய் வந்து, ஒப்படையைக் கொடுத்தால் போதும். மழைக்காலம், ஹோட்டலில் ஆள் குறைவு. இந்த மாதங்களில் கிடைக்கும் நேரம் மே மாதம் சீசன் பிடித்த பிறகு கிடைக்காது. எழுதிய ஒப்படையை இரண்டு கிழமை கழித்து, பழையதைப் பார்க்காமல், நாற்பது நிமிடத்தில் திரும்ப எழுதுங்கள். ஐயெல்ட்ஸின் இரண்டாவது எழுத்துப் பணிக்கு ஒதுக்கச் சொல்லும் நேரமும் அதுதான், குறைந்தது 250 சொல்.

அந்த இரண்டாம் பிரதியைச் சேரிடம் கொண்டுபோங்கள். "சேர், எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மறுபடியும் 'குட்'தான் வரும். "சேர், இதில் எந்த மூன்று வசனம் இன்னும் பி2 மாதிரி இருக்கிறது?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வி சந்தோஷத்தைத்தான் தரும். அவருக்கு நேரமில்லை என்றால், இரண்டு பிரதியையும் எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி. அந்த மூன்று வசனத்தையும் நான் கோடிட்டு அனுப்புகிறேன்.