முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப்புண்: இல்லத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

முடியும். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். தவறு ஆயாவுடையது என்று நிர்வாகம் கைகழுவ முடியாது; வேலைக்கு வைத்தவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

குற்ற வழக்கும் உண்டு. நோயாலோ தளர்ச்சியாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே கைவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 357-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவ்வளவுதானா என்று எனக்கு வயிறு எரிகிறது. அலட்சியத்தால் உயிரே போனால் 106-ஆம் பிரிவு. 5 ஆண்டு வரை சிறை.

வழக்கு நிற்பது ஆதாரத்தில்தான். எழுந்திருக்க முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். எப்போதெல்லாம் புரட்டினார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு வாரம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்பியிருந்தால், பின்னால் மொத்தமாக எழுதியிருக்கலாம்; அதையும் படம் எடுங்கள். புண்ணின் போட்டோ தேதியோடு, வெளி மருத்துவரின் சான்று, கட்டண ரசீதுகள் எல்லாம் வேண்டும். அதற்கு முன்னால் அம்மாவை இன்றே மருத்துவமனைக்கு மாற்றுங்கள். முதியோர் உதவி எண் 14567.